தஞ்சை அரண்மனையும் சரசுவதி மகாலும்

அரசர் வாழ்ந்த மாளிகைகள் பிற்காலத்தே பொதுமக்களின் கலைக்கூடங்களாதல் பல நாடுகளிலும் நிகழ்ந்துள்ளது. பரோக் என்னும் அலங்காரக் கட்டடக்கலைக்குப் பெயர்போன பிரான்சு நாட்டு வெர்சாய் அரண்மனை, 1789இல் மன்னர் குடி வெளியேறியபின், 1837இல் அரும்பொருட்சாலையாயிற்று. தமிழகத்தில் அதனோடு ஒப்பவைத்து எண்ணத்தக்கது தஞ்சை அரண்மனை. அது கலைக்கோயிலாகிய வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

16ஆம் நூற்றாண்டில் நாயக்க மன்னர் எடுப்பிக்கத் தொடங்கிய அவ்வரண்மனையை, 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தஞ்சையைக் கைக்கொண்ட மராட்டியர் விரித்துக் கட்டினர். 1798இல் அரியணையேறிய இரண்டாம் சரபோசி மன்னர், மறுவாண்டே நாட்டாட்சியை ஆங்கிலக் கும்பினியாரிடம் ஒப்புவிக்க நேர்ந்தது. ஆட்சி இழந்த அம்மன்னர் தம் பொருளையும் பொழுதையும் கல்விக்கே செலவிட்டார். நாயக்கர் காலந்தொட்டு அங்கிருந்த ஏட்டுத் தொகுதியைப் பெருக்கும்பொருட்டு, வடநாட்டுக்கும் புலவர்களை அனுப்பிச் சுவடிகளை விலைக்கு வாங்கினார். விலைக்குக் கிடையாதவற்றைப் படியெடுப்பித்தார். ஐரோப்பிய மொழி நூல்களும் 4,500க்கு மேல் அவர் சேர்த்தவை. பரத நாட்டியக் கச்சேரி முறையை வகுத்த தஞ்சை நால்வரும் அவரவையில் விளங்கியோரே.

அவர் மைந்தர் சிவாசி 1855இல் ஆண் மகவின்றி இறந்தார். கும்பினியார் அரசுரிமையை நீக்கினர். அரண்மனைச் சொத்துக்கள் வழக்கிற் சிக்கின. ஏட்டுத் தொகுதியின் அருமையை அறிந்த பர்னல் என்னும் ஆங்கிலேயர் வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை வகுத்து 1880இல் அச்சிட்டார். எனினும் நூலகம் அரச குடும்பத்தின் உடைமையாகவே இருந்தது. மரபுரிமையாளர் அதனைப் பங்கு பிரித்திருப்பின் சுவடிகள் திசைக்கொன்றாய்ச் சிதறியிருக்கும். அவர்களோ 1918இல் அதனைப் பொதுமக்களுக்கே அளித்து, பராமரிப்புக்கு ஒரு லட்சம் ரூபாவும் ஒதுக்கினர். இன்று அங்கே ஏறக்குறைய 49,000 சுவடிகள் உள்ளன. 1951இல் அவ்வரண்மனையிலேயே கலைக்கூடமும் அமைந்தது. சோழர் காலச் செப்புத் திருமேனிகள் பலவற்றை அங்கே காணலாம்.

இவ்வரலாறு கரவெட்டியினராகிய நமக்கு அயலதன்று. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. மீண்டும் கட்டடம் எழுப்பினோம். படியில்லாச் சுவடியை மீட்க வழியில்லை. ஓரிடத்தில் மட்டும் இருக்கும் நூல் எத்துணைப் பெரிய மாளிகையில் இருப்பினும் காவலற்றதே. சரபோசி மன்னர் படியெடுப்பித்ததன் பயனை நாம் இழந்தபின்பே உணர்ந்தோம்.

நம் வடமராட்சி வீடுகளில் வைத்திய ஏடுகளும் சோதிட ஏடுகளும் புராண ஏடுகளும் பரண்களிற் கிடத்தல் கூடும். அவற்றைத் தானமாகக் கொடுக்க மனமில்லாதோர் படியெடுக்கவேனும் இசைதல் வேண்டும். 2005 முதல் நூலகம் என்னும் இணையவழி முயற்சி ஈழத்துத் தமிழ் நூல்களை எண்ணிமப்படுத்தி வருகின்றது. பழைய மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டில் ஏடு உண்டோ என முதியோரைக் கேட்டறிந்து, கறையானுக்கு முன் அவற்றைச் சென்றடைவாராக.