கப்பல் இடித்தால் யார் பொறுப்பு?

சல்லியிலிருந்து இரவுத் தொழிலுக்குப் போன பைபர் படகு வலையைப் படுத்திவிட்டு நிற்கிறது என்று வையுங்கள். திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கோதுமை ஏற்றிவரும் கப்பல் ஒன்று அதை இடித்துவிடுகிறது. கரையில் எல்லோரும் கப்பலைத்தான் திட்டுவார்கள். கப்பல்காரரோ படகில் வெளிச்சமே இல்லை என்பார். இரண்டு பேரும் சொல்வது உண்மையாக இருக்கலாம். எது பெரிது, எது சிறிது என்று சட்டம் பார்ப்பதில்லை. மோதலைத் தவிர்க்க யார் என்ன செய்யத் தவறினார் என்றுதான் பார்க்கும்.

இதற்கு அளவுகோல் 1972இன் சர்வதேச மோதல் தடுப்பு விதிகள். ரேடார் இருந்தாலும் கண்ணாலும் காதாலும் எந்நேரமும் காவல் பார்க்க வேண்டும் என்கிறது 5ஆம் விதி. இது கப்பலுக்கும் படகுக்கும் பொது. 18ஆம் விதிப்படி, வலை படுத்தி நிற்கும் படகைக் கண்டால் கப்பல்தான் விலக வேண்டும். ஆனால் தூண்டிலை இழுத்தபடி ஓடும் படகுக்கு இந்தச் சலுகை கிடையாது. துறைமுக வாய்க்கால் போன்ற ஒடுங்கிய இடத்தில் கப்பலின் வழியை மறித்து மீன்பிடிக்கவும் கூடாது. வலை படுத்தியிருப்பவர் இரவில் மேலே சிவப்பு, கீழே வெள்ளை என்று சுற்றிவரத் தெரியும் இரண்டு விளக்குப் போட வேண்டும். கப்பல் கிட்ட வந்தபிறகு டோர்ச் அடித்துக் காட்டுவது இதற்கு ஈடாகாது.

இரு பக்கமும் பிழை என்றால் நட்டத்தைச் சரிபாதியாகப் பிரிப்பது பழைய ஆங்கிலேய வழக்கம். 1910இன் பிரசெல்ஸ் உடன்படிக்கை அதை மாற்றி, பிழையின் அளவுக்கேற்ப பங்கு என்றது. கப்பலின் பிழை 80 வீதம், படகின் பிழை 20 வீதம் என்றால், 10 இலட்சம் ரூபா நட்டத்தில் படகுக்காரருக்கு 8 இலட்சம். உயிர் போனால் கணக்கு வேறு. சம்பளத்துக்குப் போன தொழிலாளியின் குடும்பம், பிழை செய்த இரு பக்கத்தில் எவரிடமும் முழுத்தொகையையும் கேட்கலாம் என்கிறது அதே உடன்படிக்கை. நியாயமான ஏற்பாடுதான், செத்தவர் சுக்கானைப் பிடிக்கவில்லையே.

பணத்தை யாரிடம் வாங்குவது? உரிமையாளர் ஒரு நாட்டில், கொடி இன்னொரு நாட்டில், கப்டன் வேறொரு நாட்டவர். அதனால் வழக்கைக் கப்பல் மேலேயே போடலாம். இலங்கையில் 1983ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கக் கடற்சட்ட நியாயாதிக்கச் சட்டப்படி கொழும்பு மேல் நீதிமன்றம் கப்பலைத் தடுத்துவைக்க உத்தரவிட முடியும். பெரும்பாலும் காப்புறுதிக்காரர் பிணை கொடுத்துத்தான் மீட்பார்கள். ஆனால் கப்பல் புறப்பட்டுவிட்டால் பிடிப்பது பெரும்பாடு. பிரசெல்ஸ் உடன்படிக்கை தரும் தவணையும் இரண்டே வருடம்.

குற்ற வழக்கு தனி. 1926இல் 'லோட்டஸ்' என்ற பிரெஞ்சுக் கப்பல் மோதி 8 துருக்கியர் இறந்தபோது, துருக்கி அதன் அதிகாரியை விசாரிக்கலாம் என்றது அன்றைய நிரந்தர சர்வதேச நீதிமன்றம். பின்வந்த உடன்படிக்கைகள் அதைத் தலைகீழாக்கின. இன்று ஆழ்கடல் மோதலுக்குக் கப்டனைத் தண்டிக்கக்கூடியவை கொடி நாடும் அவருடைய சொந்த நாடும்தான். கரையிலிருந்து 12 கடல்மைலுக்குள் நடந்தால் இலங்கைப் பொலிசும் கைவைக்கலாம்.

இதெல்லாம் இடித்த கப்பல் எது என்று தெரிந்தால்தான். 2021 ஏப்ரலில் மங்களூருக்கு அப்பால் 'ஏபிஎல் லு ஹாவ்ர்' என்ற சிங்கப்பூர்க் கொடிக் கப்பலும் பேப்பூரிலிருந்து போன 'ரபா' படகும் மோதின. படகில் இருந்த 14 பேரில் இருவரே உயிரோடு மீட்கப்பட்டனர். அங்கே எந்தக் கப்பல் என்பதாவது தெரிந்திருந்தது. இடித்த கப்பல் நிற்க வேண்டும், உதவ வேண்டும், தன் பெயரையும் பதிவுத் துறைமுகத்தையும் சொல்ல வேண்டும் என்பது சட்டம். சொல்லாமல் போனால், படகுக்காரர் குறித்துவைத்த நேரமும் ஜிபிஎஸ் இடமும்தான் துணை. அந்த நேரத்தில் அந்த வழியால் போன கப்பல்களின் ஏஐஎஸ் (தானியங்கி அடையாளச் சமிக்ஞை) தடத்தோடு அவற்றை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.