தொட்டிலில் வாழ்ந்த ஒரு சொல்

பெரார்கஞ்ச் என்ற ஊர்ப் பெயருக்குள்ளேயே இரண்டு மொழிகள் குடியிருக்கின்றன. முற்பாதி, 1920களில் அந்தமானின் தலைமை ஆணையராக இருந்த மைக்கேல் லாய்ட் பெரார் என்ற ஆங்கிலேயரின் பெயர். பிற்பாதியான 'கஞ்ச்', சந்தை கூடும் ஊரைக் குறிக்கும் வடநாட்டுச் சொல். பக்கத்து ஊர்களின் பெயர்களையும் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். மண்ணார்காட் என்பது, 1921ஆம் ஆண்டு மாப்பிள்ளைக் கிளர்ச்சிக்குப் பின் மலபாரிலிருந்து இங்கு அனுப்பப்பட்டவர்கள் தங்கள் சொந்த மண்ணின் நினைவாக வைத்த பெயர். ரைட்மியோவில் உள்ள 'மியோ' பர்மிய மொழியில் ஊர் என்று பொருள்படும். துஷ்னாபாத்தில் உள்ள 'ஆபாத்' பாரசீகத்திலிருந்து வந்தது.

இப்பகுதிக்கு ஐக்கிய மாகாணத்திலிருந்து பாண்டு இனத்தவர் 1920களில் கொண்டுவரப்பட்டனர். நாடு விடுதலை பெற்ற பின் கிழக்கு வங்காளத்து அகதிகள் தீவுகளுக்கு வந்தனர். காட்டு வேலைக்கு ராஞ்சிப் பக்கத்து ஆதிவாசி மக்கள் வந்தனர். கடல் தொழிலுக்குத் தெலுங்கர்கள் வந்தனர். வணிகத்துக்கும் கட்டட வேலைக்கும் அரசுப் பணிக்குமாக நம்மவர்கள் வந்தனர். 2011ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கின்படி தீவுகளில் இருந்தவர்கள் 3,80,581 பேர். அவர்களில் வங்காளத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் ஏறத்தாழ 28 விழுக்காடு, இந்தி 19, தமிழ் 15, தெலுங்கு 13, நிக்கோபாரி 8, மலையாளம் 7 விழுக்காடு. இந்தியாவை ஒரு கைப்பிடிக்குள் காண விரும்புகிறவர்கள் இங்கே வந்தால் போதும் என்று பெரியவர்கள் சொல்வது வெறும் பேச்சல்ல.

இந்த வீடுகளின் பிள்ளைகள் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் கூடும் இடம் கல்லூரி. 1967இல் தொடங்கப்பட்ட ஜவகர்லால் நேரு அரசுக் கல்லூரி முதலில் பஞ்சாப் பல்கலைக்கழகத்துடனும், பின்னர் பல ஆண்டுகளாகப் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்துடனும் இணைந்து இயங்கி வந்தது. 1990இல் மாயாபந்தரில் மகாத்மா காந்தி அரசுக் கல்லூரி வந்தது. புரூக்ஷாபாத்தில் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் வளாகமும் உண்டு. கடலியலும் கடல்சார் உயிரியலும் அங்கே பயிற்றுவிக்கப்பட்டன. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் கடலோரப் பேரிடர் மேலாண்மைக்கும் ஒரு துறை ஏற்பட்டது. பெரார்கஞ்சிலிருந்து பம்பூபிளாட் வந்து, படகேறி சாத்தத்தில் இறங்கி வகுப்புக்குப் போகும் ஒரு மாணவி, அந்த ஒரு பயணத்திலேயே நான்கைந்து மொழிகளைக் கேட்டுவிடுகிறாள்.

இரண்டு வகை நாட்கள்

எந்தப் பல்கலைக்கழகத்தின் ஆண்டு நாட்காட்டியை எடுத்தாலும் இரண்டு வகை நாட்கள் இருக்கும். ஒன்று பண்பாட்டு நாட்கள்: பொங்கல், ஓணம், சரசுவதி பூஜை, தாய்மொழி நாள் போன்றவை. மற்றொன்று விழிப்புணர்வு நாட்கள்: சுற்றுச்சூழல் நாள், எய்ட்ஸ் நாள், ஆழிப்பேரலை விழிப்புணர்வு நாள் போன்றவை. முதல் வகைக்கு நடனமும் பாட்டும் பலகாரமும். இரண்டாம் வகைக்கு உறுதிமொழியும் ஊர்வலமும் பதாகையும். முதலாவது மகிழ்ச்சிக்கு, இரண்டாவது கடமைக்கு என்று நாமே பிரித்து வைத்துவிட்டோம். இரண்டிலும் புகைப்படம் எடுத்து முடிந்ததும் கூட்டம் கலைந்துவிடுகிறது.

இந்தப் பிரிவினை சரிதானா என்பதே நம் கேள்வி. நம் முன்னோர் இப்படிப் பிரித்ததாகத் தெரியவில்லை. மணிமேகலைக் காப்பியத்தின் கதையை நினைத்துப் பாருங்கள். பல நாட்டு வணிகரும் பல மொழி பேசுவோரும் கலந்து வாழ்ந்த புகார் நகரில் ஆண்டுதோறும் இந்திர விழா நடந்தது. மகனைக் காணாத துயரில் சோழ மன்னன் அந்த விழாவை நடத்த மறந்தான். நகரைக் கடல் கொண்டது. தெய்வத்தின் சினம் என்று காப்பியம் சொல்வதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் ஊர் கூடி நினைக்க வேண்டியதை நினைக்காமல் விட்டால் அழிவு வரும் என்ற எண்ணம் அக்கதைக்குள் இருப்பதை மறுக்க முடியாது. அங்கே விழாவே விழிப்பாகவும் இருந்தது.

மாணவர்கள் தந்த நாள்

பிப்ரவரி 21ஆம் நாள் உலகத் தாய்மொழி நாள். இந்த நாளைத் தந்தவர்களே பல்கலைக்கழக மாணவர்கள்தாம். 1952இல் அந்த நாளில், வங்க மொழிக்கும் அரசு மொழித் தகுதி வேண்டும் என்று கேட்டு டாக்கா பல்கலைக்கழக மாணவர்கள் திரண்டனர். காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பறிபோயின. அந்த நினைவை உலக நாளாக்கும் முயற்சியைத் தொடங்கியவர்கள் டாக்காவில் இருந்தவர்கள் அல்லர். கனடாவின் வான்கூவர் நகரில் குடியேறியிருந்த ரபீகுல் இஸ்லாம், அப்துஸ் சலாம் என்ற வங்காளிகள்தாம். 1998இல் அவர்கள் ஐக்கிய நாடுகள் சபைக்கு எழுதினார்கள். 1999 நவம்பரில் யுனெஸ்கோ அதை ஏற்றது. ஊரை விட்டு வந்தவர்களுக்கே மொழியின் அருமை கூடுதலாகத் தெரியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

தமிழகத்திலும் 1965 ஜனவரி 27ஆம் நாள் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். ஆகவே மாணவர்களுக்குத் தாய்மொழி நாள் மேடை ஏறி ஆடுவதற்கான நாள் மட்டுமன்று.

ஒரு மொழி போனால் என்ன போகும்? அதற்கும் நம் தீவே சாட்சி. 2010 ஜனவரி 26ஆம் நாள் போவா சீனியர் என்ற மூதாட்டி காலமானார். அவருக்கு வயது ஏறத்தாழ 85. அந்தமானின் பழங்குடி மொழிகளுள் ஒன்றான 'போ' மொழியைப் பேசத் தெரிந்த கடைசி மனிதர் அவர். அந்த மொழியில் பேச்சுத் துணைக்கு ஆளின்றியே அவர் தம் கடைசி ஆண்டுகளைக் கழித்தார். மொழியியலாளர் அன்விதா அப்பி அவருடைய பேச்சையும் பாட்டையும் பதிவு செய்து வைத்தார். 2004 ஆழிப்பேரலையையும் கண்டு உயிர் தப்பியவர் அந்த மூதாட்டி. அவரோடு ஒரு மக்கள் கூட்டம் காட்டையும் கடலையும் பார்த்த பார்வையும் மறைந்தது.

சிமலூ தீவின் சொல்

2004 டிசம்பர் 26 காலை ஆறரை மணி அளவில் சுமத்ராவுக்கு அருகே கடலடியில் நிலம் நடுங்கியது. அதன் அளவு 9.1. நம் அந்தமான் நிக்கோபார் தீவுகளில் மட்டும் மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர் அல்லது காணாமற்போயினர். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பங்களை ரப்பர் தோட்டத்துக்காக 1970களில் குடியமர்த்திய கச்சல் தீவு, மிகக் கடுமையாக அடிபட்ட தீவுகளுள் ஒன்று. தென் அந்தமானில் நிலமே தாழ்ந்து போனதால் சிப்பிகாட் போன்ற இடங்களில் வயல்களுக்குள் உப்புநீர் புகுந்து அங்கேயே தங்கிவிட்டது.

ஆனால் நிலநடுக்கத்தின் மையத்துக்கு மிக அருகே இருந்த சிமலூ என்ற இந்தோனேசியத் தீவில் நடந்தது வேறு. அங்கே சில நிமிடங்களிலேயே அலை வந்தது. ஏறத்தாழ 78,000 பேர் வாழ்ந்த அந்தத் தீவில் இறந்தவர்கள் ஏழே பேர். அங்கு எச்சரிக்கைக் கருவியும் இல்லை, வானொலி அறிவிப்பும் வரவில்லை. அவர்களிடம் இருந்தது ஒரு சொல். 'ஸ்மோங்' என்பது அந்தச் சொல். 1907இல் வந்த பேரலையில் தம் மக்களைப் பறிகொடுத்த பெரியவர்கள் அந்தச் சொல்லைக் கதையிலும் பாட்டிலும் தாலாட்டிலும் வைத்துப் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். நிலம் பலமாக நடுங்கி, கடல் உள்வாங்கினால் குன்றுக்கு ஓடு என்பதே அதன் செய்தி. 97 ஆண்டுகளுக்குப் பின், அந்தப் பேரலையைக் கண்டிராத தலைமுறை "ஸ்மோங்! ஸ்மோங்!" என்று கத்திக்கொண்டு மேட்டுக்கு ஓடியது. சின்ன அந்தமானின் டுகாங் கிரீக்கில் வாழ்ந்த ஓங்கே மக்களும் கடலின் குறிப்பறிந்து மேட்டுப் பகுதிக்குச் சென்று உயிர் தப்பினர்.

இப்போது நம் பக்கம் திரும்புவோம். தமிழில் இதற்குச் சொல் இல்லையா? 'கடல்கோள்' என்ற சொல் நம்மிடம் பல நூற்றாண்டுகளாக இருக்கிறது. தென்னாட்டைக் கடல் கொண்ட கதை உரைநூல்களில் இருக்கிறது. புகாரைக் கடல் கொண்டது காப்பியத்தில் இருக்கிறது. ஆயினும் அன்று காலை நாகப்பட்டினத்தில் கடல் உள்வாங்கி அலை திரும்பி வந்தபோது, அந்தச் சொல் யாரையும் எச்சரிக்கவில்லை. நிலநடுக்கத்துக்கும் அங்கு அலை வந்ததற்கும் இடையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தும், தமிழகத்தில் ஏறத்தாழ எட்டாயிரம் பேரை இழந்தோம். அவர்களில் ஏறத்தாழ ஆறாயிரம் பேர் நாகை மாவட்டத்தினர். 'சுனாமி' என்ற சப்பானியச் சொல்லை நம்மில் பெரும்பாலோர் முதல்முறையாகக் கேட்டதே அன்றுதான்.

சிமலூவின் சொல் தொட்டிலில் வாழ்ந்தது. நம்முடைய சொல் நூலகத்தில் தூங்கியது. பழம்பெருமை பேசுவதில் நாம் யாருக்கும் குறைந்தவர்கள் அல்லர். ஆனால் பெருமைக்கு மட்டும் எடுத்து வைத்த சொல் ஆபத்துக்கு உதவுவதில்லை.

நவம்பர் ஐந்து

ஐக்கிய நாடுகள் சபை 2015 டிசம்பரில் நவம்பர் 5ஆம் நாளை ஆழிப்பேரலை விழிப்புணர்வு நாளாக அறிவித்தது. அதற்கும் ஒரு கதைதான் காரணம். 1854இல் சப்பானில் ஒரு கடலோரக் கிராமத்தில் நிலம் நடுங்கிப் பேரலை வந்தது. இருட்டில் வழி தெரியாமல் தவித்த மக்களுக்கு மேட்டுக்குச் செல்லும் வழியைக் காட்ட, ஹமாகுச்சி கோரியோ என்பவர் அறுத்து வைத்த நெற்கதிர்க் கட்டுகளுக்குத் தீ வைத்தார். அது அந்நாட்டின் பழைய நாட்காட்டிப்படி பதினோராம் மாதம் ஐந்தாம் நாள். உழைத்துச் சேர்த்த நெல்லைக் கொளுத்தி ஊரைக் காத்த அந்தக் கதை பின்னர் அங்கே பள்ளிப் பாடமாயிற்று. விழிப்புணர்வு நாள் என்று நாம் சொல்வதும் ஒரு நாட்டின் பண்பாட்டுக் கதையாகவே இருப்பதைக் கவனியுங்கள்.

ஆகவே பிப்ரவரி 21ஐயும் நவம்பர் 5ஐயும் நம் கல்லூரிகள் ஒரே கயிற்றில் கட்டலாம். தாய்மொழி நாளில் ஒவ்வொரு மாணவரும் தம் வீட்டுப் பெரியவரிடம் உட்கார்ந்து, காற்று, மழை, அலை, நீரோட்டம் பற்றிய பத்துச் சொற்களையாவது கேட்டுப் பதிவு செய்து வரட்டும். தமிழ் மாணவர்கள் வாடை, கொண்டல், கச்சான், சோழகம், நீவாடு என்று எழுதி வருவார்கள். வங்க மாணவர்களும் தெலுங்கு மாணவர்களும் நிக்கோபாரி மாணவர்களும் தங்கள் சொற்களைக் கொண்டு வருவார்கள். எல்லாவற்றையும் ஒரே பட்டியலாக்கி நூலகத்தில் வைக்கலாம். கைப்பேசி இருக்கும் இந்நாளில் பதிவு செய்யச் செலவும் இல்லை. நவம்பரில், "நிலம் நின்று நடுங்கினால் நிற்காதே; கடல் பின்வாங்கினால் பார்க்கப் போகாதே; மேட்டுக்கு ஓடு" என்ற ஒரே செய்தியைத் தீவின் எல்லா மொழிகளிலும் எழுதி, மாணவர்கள் தத்தம் ஊர்களுக்கு எடுத்துச் செல்லலாம். ஓர் ஆண்டு நாட்டிய நிகழ்ச்சி குறைந்தாலும் பாதகமில்லை.

நம் வீட்டில்

கல்லூரிக்கு மட்டும் சொல்லிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. பெரார்கஞ்ச் வீதியில் நம் பிள்ளைகள் விளையாடும் மொழி இந்தி. அதில் குற்றம் ஒன்றுமில்லை. ஐந்தாறு மொழிக்காரர்களை இணைத்து வைத்த மொழி அது. ஆனால் அந்தப் பிள்ளை வீட்டுக்குள் வந்த பிறகும் பாட்டி தமிழில் கேட்க, பேத்தி இந்தியில் பதில் சொன்னால், இடையில் எத்தனையோ சொற்கள் கைமாறாமலே போகின்றன. கேட்டால் புரியும், பேச வராது என்ற நிலையில் ஒரு தலைமுறை நின்றால், அடுத்த தலைமுறைக்குக் கேட்டாலும் புரியாது. தீவுகளில் தமிழ்வழிப் பள்ளிகள் நடந்து வந்திருக்கின்றன. பங்குனி உத்திரத்துக்கு முருகன் கோயிலில் காவடி எடுக்க ஊரே திரள்கிறது. இவையெல்லாம் நமக்குத் துணை. என்றாலும் தாலாட்டைப் பள்ளிக்கூடம் பாடாது, சங்கமும் பாடாது.

டிசம்பர் 26 வரும்போது, 2004இல் தாம் கண்டதைப் பெரியவர்கள் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே சொல்லட்டும். தண்ணீர் எதுவரை வந்தது, யார் யாரைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், எந்த மேட்டில் இரவைக் கழித்தார்கள் என்பதை இடம் காட்டிச் சொல்லட்டும். அந்தக் காலையைக் கண்டிராத பிள்ளைகள்தாம் இன்று கல்லூரிக்குப் போகிறார்கள். கடல் அடுத்த முறை எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அன்று அவர்கள் வாயில் ஒரு சொல் இருக்க வேண்டும். அதை இன்றே கொடுத்து வைப்போம்.