பேய் வழிபாடென்னும் பெயர் பிறந்த வரலாறு

தமிழகத்துச் சிற்றூர்த் தெய்வ வழிபாட்டைப் 'பேய் வழிபாடு' எனக் குறிக்கும் வழக்கை நூல்களில் நிலைபெறச் செய்தோர் மேனாட்டுச் சமயத் தொண்டராவர். 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, தென்னாட்டுத் தெய்வங்களைப் பற்றி 1713இல் ஒரு நூல் எழுதி முடித்தார்; அது 1867இலேயே அச்சேறிற்று. ஐயனார் முதலிய ஊர்த்தெய்வங்கள் பேய்களினின்று ஊரைக் காப்பன என்பது தமிழர் கொள்கையென அவர் கேட்டறிந்திருந்தார். காக்குந் தெய்வமும் விலக்கப்படும் பேயும் வெவ்வேறென்னும் இவ்வேறுபாடு பின்வந்தோரிடம் மங்கிற்று. கால்டுவெல் 1849இல் திருநெல்வேலிச் சீமையைப் பற்றி எழுதிய நூலில், பேய் வழிபாட்டையே அந்நாட்டு மக்களின் தொல்சமயமாகக் காட்டினார்.

அப்பெயரின் வேரோ மிகத் தொலைவிலுள்ளது. பண்டைக் கிரேக்கர் 'தைமோன்' என்னுஞ் சொல்லால் தெய்வத்தையும், தேவர்க்கும் மக்கட்கும் இடைப்பட்ட ஆற்றலையும் குறித்தனர். தீமை அச்சொற்கு இன்றியமையாப் பொருளன்று; சாக்ரதர் தம்மைத் தவற்றினின்று தடுத்த தெய்வக் குரலை இதன்வழி வந்த பெயராலேயே வழங்கினார். எபிரேய மறை கிரேக்கத்திற் பெயர்க்கப்பட்ட காலை, 96ஆம் சங்கீதத்திற் பிறநாட்டார் தெய்வங்களைப் 'பயனில் பொருள்கள்' என்ற சொல்லுக்கு ஈடாகத் 'தைமோனியா' என்பது நின்றது. இல்பொருள் என்ற இகழ்ச்சி, உள்பொருளாகிய தீய ஆவி என்ற அச்சமாயிற்று. பிறர் இடும் பலி பேய்கட்கே என்று பவுல் எழுதியதும் இவ்வழியிலேயாம். ஈரானியரிடத்தும் இத்தகைய மாற்றம் உண்டு. இருக்கு மறையில் விண்ணவரைக் குறிக்குந் 'தேவ' என்னுஞ் சொல்லின் இனச்சொல், அவெத்தாவிற் கொடியோரைக் குறிக்கும். அவர் இறைவனுக்கு வழங்கிய 'அகுர' என்பதன் இனச்சொல்லோ ஈண்டு அசுரராய் இழிந்தது. அயலான் தெய்வம் தனக்குப் பேய் என்பதே இவற்றின் கருத்து.

இனித் தமிழ்ப் பேயைக் காண்போம். சங்கச் செய்யுட்களிற் பேய்மகளிர் போர்க்களத்தே பிணந்தின்று துணங்கையாடுவர். புண்பட்ட வீரனைப் பேய் அணுகாவண்ணம் மனைவி காத்தலைத் தொல்காப்பியம் காஞ்சித்திணையுள் வைத்தது. வீட்டில் வேம்பு செருகி, ஐயவி புகைத்து, காஞ்சிப் பண் பாடிக் காக்குஞ் செய்தி புறநானூற்றில் உண்டு. இவையெல்லாம் பேயை விலக்குஞ் செயல்களேயன்றி வணங்குஞ் செயல்களல்ல. வணங்கப்பட்டது நடுகல்லில் நின்ற வீரனே. ஆயினும் பேயென்னுஞ் சொல் தமிழில் முற்றும் இழிந்ததுமன்று. பேய்ச்சி என்னும் பெயராலேயே வழிபடப்படுந் தாய்த்தெய்வம் உண்டு. புனிதவதியார் பேயுருவை வேண்டிப் பெற்றுத் தம்மைக் காரைக்காற்பேய் என்றே பாடினார்; அவரை இறைவன் 'அம்மையே' என்றழைத்ததாகப் பெரியபுராணங் கூறும். இச்சொல்லையே சாத்தானின் பரிவாரத்திற்குப் பெயராக்கினால், அம்மையார் எவ்வகையிற் சேர்வார்?

பாம்பின் கதையும் இதற்கு இனமானதே. ஆதியாகமத்திற் பாம்பு பாம்பாகவே வருகின்றது; அதனைச் சாத்தானென்று வெளிப்படையாகக் கூறுவது பின்னெழுந்த வெளிப்படுத்தின நூலேயாம். கடலூரையடுத்துக் கெடிலக் கரையிலுள்ள திருவந்திபுரமோ பாம்பரசனால் பெயர் பெற்றது. அகீந்திரபுரமென்னும் அதன் பெயரில் 'அகி' என்பது பாம்பு. ஆதிசேடன் ஆண்டுத் திருமாலுக்கு நீர் வருவித்த தீர்த்தத்தில் அன்பர் உப்பும் மிளகும் வெல்லமும் இடுவர். தில்லையிலோ, பாம்புடலோடு கூத்துக் கண்ட பதஞ்சலியார் முனிவராகப் போற்றப்படுகின்றார்.

சித்தாந்தத்தில் இறைவனுக்கு எதிர்நின்று ஆளும் மற்றொரு முதல்வன் இல்லை. உயிரை மறைப்பது ஆணவமலம். அது சடமாதலின் வழிபாட்டை ஏற்குந் தகுதி அதற்கில்லை. திருத்துறையூர் அருணந்தி சிவாசாரியார் சிவஞானசித்தியாரில், எத்தெய்வத்தை வழிபடினும் அத்தெய்வமாய் வந்தருள்பவன் சிவனே என்று நிறுவுகின்றார். அவ்வாறிருக்கவும், சிற்றூரார் பூசையைப் பழிக்க நம்மவருட் சிலர் மேனாட்டார் தந்த பெயரையே கைக்கொண்டமை வியப்பே. உயிர்ப்பலியை மறுப்பார்க்கு அருளறமே போதிய சான்று. பேய் என்னும் வசை வேண்டுவதன்று. கூத்தப்பெருமான் திருவடிக்கீழ்க் கிடக்கும் முயலகனும் கொல்லப்படவில்லை, அடங்கியே கிடக்கின்றான்.