பேக்லோபென்: விறைத்த காலும் சிறுநீரகமும்

"தசை தளர்த்தும் மாத்திரை" என்றால் நம்ம ஊர்ப்பக்கம் பலரும் நினைப்பது, இடுப்புப் பிடிப்புக்கு மெடிக்கல் ஷாப்பில் ரெண்டு நாளைக்கு வாங்கிப் போடும் மாத்திரையைத்தான். பேக்லோபென் அந்த வகை இல்லை. அது வேலை செய்யும் இடம் தசையே அல்ல, தண்டுவடம். (நான் மருத்துவன் இல்லை, மென்பொருள்காரன். படித்ததைத் தொகுத்து வைக்கிறேன், அவ்வளவுதான். டோஸை முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் டாக்டர்.)

பக்கவாதம், தண்டுவட அடி, பெருமூளை வாதம் போன்றவற்றில், "போதும், தளர்த்து" என்று மூளை அனுப்பும் தடை சரியாகக் கீழே வந்து சேர்வதில்லை. தண்டுவடம் தன் போக்கில் தசையை இழுக்கிறது, கால் கட்டை மாதிரி விறைக்கிறது. 'காபா' என்று உடம்பிலேயே ஒரு தடைப்பொருள் உண்டு. பேக்லோபென் அதைப்போல நடித்து இழுப்பைக் குறைக்கிறது. 1962-ல் சுவிட்சர்லாந்தின் சிபா கம்பெனியில் வலிப்புக்காக உருவாக்கிய மருந்து இது. வலிப்புக்கு எடுபடவில்லை, விறைப்புக்கு எடுபட்டது.

தர்மபுரிக்காரர்களுக்கு இதில் இன்னொரு கணக்கு உண்டு. நம் போர்வெல் தண்ணீரில் பல இடங்களில் ஃப்ளூரைடு அதிகம். ஒகேனக்கல் குடிநீர்த் திட்டத்தின் முழுப் பெயரிலேயே ஃப்ளூரோசிஸ் தணிப்பும் இருக்கிறது. பல்லில் படியும் பழுப்புக் கறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் பல வருஷம் இந்தத் தண்ணீரைக் குடித்த சிலருக்கு முதுகெலும்பும் அதைக் கட்டியிருக்கும் நார்களும் தடித்து, தண்டுவடம் போகும் பாதையே குறுகிவிடும். அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் இந்த நோயை 1937-லேயே எழுதி வைத்திருக்கிறார்கள். தண்டுவடம் நசுங்கினால் ரெண்டு காலும் விறைக்கும். மாத்திரை விறைப்பைக் குறைக்குமே தவிர நசுக்கலை எடுக்காது. ஸ்கேன் பார்க்காமல் மாத்திரையிலேயே காலம் தள்ளக் கூடாது.

இப்போது சிறுநீரகம். பேக்லோபெனில் ஏறக்குறைய 70-80 சதவீதம் அப்படியே சிறுநீரில் போகிறது. ஃப்ளூரைடு முக்கியமாக வெளியேறுவதும் அதே வாசல் வழியாகத்தான். சிறுநீரகம் தளர்ந்தவர் உடம்பில் ரெண்டுமே தங்கும். மூட்டு வலிக்கு வருஷக்கணக்கில் வலி மாத்திரை போடுபவர்களும் பெரும்பாலும் இதே ஆட்கள்தான். அது சிறுநீரகத்தை இன்னும் கெடுக்கலாம்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்தேன். மருந்து பாதியாகக் குறைய 4 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். 8 மணிக்கு ஒருமுறை 10 மி.கி. போட்டால், சில நாளில் ஒவ்வொரு வேளையும் மாத்திரை போட்டவுடன் உடம்பில் நிற்பது சுமார் 13 மி.கி. அதே மருந்து பாதியாக 16 மணி நேரம் ஆகிறதென்றால்? 34 மி.கி. மாத்திரை கூடவே இல்லை!

இது வெறும் கணக்கு இல்லை. சிறுநீரகக் கோளாறுள்ள முதியவர்களைப் பற்றி கனடாவின் ஒன்டாரியோவில் செய்த ஆய்வு 2019-ல் வந்தது. தினம் 20 மி.கி. அல்லது அதற்கு மேல் ஆரம்பித்தவர்களில் 1.11 சதவீதம் பேர் ஒரு மாதத்துக்குள் மூளைக் குழப்பத்தோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். குறைந்த டோஸில் அது 0.42 சதவீதம். தாத்தா பகலெல்லாம் தூங்குகிறார், பேச்சு குழறுகிறது, ஆள் அடையாளம் தெரியவில்லை என்றால் "வயசாச்சு" என்று விட்டுவிடாமல் மாத்திரைச் சீட்டோடு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஆரம்பிக்கும் முன்பே கிரியேட்டினின் பார்த்தார்களா என்று கேட்பதில் தப்பே இல்லை.

அடுத்த ஆபத்து நேர் எதிர்ப்பக்கம்: திடீரென்று நிறுத்துவது. நரம்பு இந்தத் தடைக்குப் பழகியிருக்கும். சட்டென்று எடுத்தால் விறைப்பு பழையதைவிட மோசமாகத் திரும்பும். இல்லாதது தெரியும், வலிப்பு வரலாம், கடும் காய்ச்சல் வரலாம். உயிருக்கே ஆபத்து, 108-ஐக் கூப்பிட வேண்டிய நிலை அது. நிறுத்துவதென்றால் டாக்டர் சொல்லும் அளவில் படிப்படியாகத்தான்.

அதிகம் போட்டால் நல்லது என்பதும் இல்லை. சிலர் அந்த விறைப்பை ஊன்றித்தான் எழுந்து நிற்கிறார்கள். முழுக்கத் தளர்த்தினால் கால் மடங்கிவிடும். அதனால்தான் பெரியவர்களுக்கு வழக்கமாக வேளைக்கு 5 மி.கி.யில் ஆரம்பித்து, சில நாள் இடைவெளி விட்டு ஏற்றுகிறார்கள். சாராயமும் தூக்க மாத்திரையும் கூடச் சேர்ந்தால் மயக்கம் பல மடங்காகும்.

பென்னாகரம், அரூர் பக்கத்துக் கிராமங்களில் இருப்பவர்கள் ஒரு வாரத்துக்கான மாத்திரை மிச்சம் இருக்கும்போதே அடுத்ததை வாங்கிவிடுங்கள், பொங்கல் லீவுக்கு முன்னால் கட்டாயம். கடையில் ஸ்ட்ரிப்பை வெட்டிக் கொடுத்தால், பெயரும் மி.கி. அளவும் இருக்கிற பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள்.