முறுக்கினால் ஏறும், விட்டால் இறங்க வேண்டும்

மோட்டார் சைக்கிளின் வலது கைப்பிடியை முறுக்குகிறோம், வேகம் ஏறுகிறது. விடுகிறோம், இறங்குகிறது. இந்த இரண்டாவது செயலைப் பற்றி எவரும் அதிகம் சிந்திப்பதில்லை. முறுக்கியும் ஏறாத வண்டி தெருவோரத்தில் நின்றுவிடும், அவ்வளவே. விட்டும் இறங்காத வண்டியோ வளைவில் ஆளைக் கொண்டுபோய்ச் சுவரில் மோதும். கைப்பிடிக்கும் காபரேற்றருக்கும் இடையே ஓடும் எக்சிலேற்றர் கேபிளின் நிலையிலேயே இவ்வேறுபாடு தங்கியுள்ளது.

வதிவிட அனுமதிக்குக் காத்திருக்கும் இளைஞர் ஒருவரின் கைக்கு எட்டும் விலையில் கிடைப்பது பெரும்பாலும் பழைய வண்டியே. அதைக் கராச்சில் விடப் பணமும் இராது. ஆயினும் இந்த ஒரு வேலையை ஓர் ஸ்பனரும் சிறிது எண்ணெயும் கொண்டு வீட்டிலேயே செய்துகொள்ளலாம்.

உறைக்குள் கம்பி ஓடும் இத்தகைய வடத்தைப் போடன் கேபிள் என்பர். ஏர்னஸ்ற் போடன் என்பவர் 1896 இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். யாழ்ப்பாணத்து வீதிகளில் பெருமையோடு ஓடிய ராலே சைக்கிள் நிறுவனத்தின் அதிபர் பிராங்க் போடன் வேறொருவர். இருவரையும் ஒருவராக்கி எழுதுவோர் இன்றும் உளர்.

உறை அசையாது நிற்க, உள்ளிருக்கும் கம்பி ஓட வேண்டும். ஹாண்டிலைத் திருப்பும்போது உறையின் வளைவு மாறுகிறது. கம்பியில் போதிய தளர்வு இல்லாவிடின், கைப்பிடியைத் தொடாமலே அது இழுபட்டு எஞ்சினின் வேகத்தைக் கூட்டிவிடும். ஆகவே முதற் சோதனை இதுதான்: வண்டியை நிறுத்திவைத்து, கியரில் இடாமல், எஞ்சினை ஓடவிட்டு ஹாண்டிலை இடப்பக்கக் கடைசிவரையும் வலப்பக்கக் கடைசிவரையும் திருப்புக. எஞ்சின் ஓசை சற்றேனும் உயர்ந்தால் கேபிள் இறுகியுள்ளது, அல்லது பிழையான வழியாகப் போடப்பட்டுள்ளது. அடுத்து எஞ்சினை அணைத்துவிட்டு, அதே இரு நிலைகளிலும் கைப்பிடியை முழுதாக முறுக்கி விடுக. 'டக்' என்று தானே திரும்ப வேண்டும். சோம்பலாகத் திரும்பும் கைப்பிடியை நம்பலாகாது.

தளர்வு எவ்வளவு? ஹொண்டாவின் கைநூல்கள் பலவற்றில், கைப்பிடியின் உள்விளிம்பில் அளந்தால் 2 முதல் 6 மில்லிமீற்றர் என்றிருக்கும். பெரிய மாற்றத்தைக் காபரேற்றர்ப் பக்கத்துத் திருகிலும், சிறிய மாற்றத்தைக் கைப்பிடிப் பக்கத்துத் திருகிலும் செய்க. பூட்டும் நட்டைத் தளர்த்தித் திருகை வெளியே எடுத்தால் தளர்வு குறையும். உள்ளே விட்டால் கூடும். பின்னர் நட்டை இறுக்க மறக்கலாகாது. நின்றபடி ஓடும் வேகத்தைக் கேபிளை இழுத்துக் கூட்டுவது நம்மவரிடையே காணப்படும் கெட்ட பழக்கம். அதற்கென்று காபரேற்றரில் தனித் திருகு உண்டு. எஞ்சின் சூடேறிய பின் அதைக் கொண்டே சரிசெய்ய வேண்டும்.

சில வண்டிகளில் இரண்டு கேபிள்கள் இருக்கும். 1969 இல் வெளிவந்த ஹொண்டா சிபி 750 இன் முதல் வண்டிகளில் ஒரே கேபிள் நான்காகப் பிரிந்து நான்கு காபரேற்றர்களையும் திறந்தது. மூடுவது சுருள்வில்லின் பொறுப்பு. அடுத்த மாதிரியிலே திறக்க ஒன்று, இழுத்து மூட ஒன்று என மாற்றினர். மூடும் கேபிளால் பயனில்லை என்று கழற்றி எறிவோரைக் கண்டிருக்கிறோம். வில் சோர்ந்து போகும் நாளில் உயிரைக் காப்பது அதுவே.

எண்ணெய் விடுவதற்குக் கேபிளின் மேல்முனையைக் கழற்றி, பிளாஸ்ரிக் துண்டால் சிறு புனல் கட்டி, மெல்லிய எண்ணெயை ஊற்றித் தொங்கவிடுக. மறுநாட் காலையில் கீழ்முனையில் எண்ணெய் சொட்டியிருக்கும். கறுப்பாகச் சொட்டினால், தெளிவாக வரும்வரை மீண்டும் விடுக. உட்புறம் வழுவழுப்பான பிளாஸ்ரிக் பூசிய புதுவகைக் கேபிள்களுக்கு இது பொதுவாக வேண்டியதில்லை. ஊரிற் பழகிய கை தேங்காய் எண்ணெய்ப் போத்தலை நாடும்; வேண்டாம். அது 24 பாகை அளவிலேயே உறையத் தொடங்கும். கிறீஸும் குளிரில் தடித்துவிடும். உறைக்குள் புகுந்த மழைநீர் பனிக்காலத்தில் உறைந்து கம்பியை இறுகப் பிடித்துக்கொள்வதும் உண்டு. மேல்முனையின் றப்பர் மூடி கிழிந்திருந்தால் அதை முதலில் மாற்றுக.

முனையில் ஈயக்குமிழ் பொருந்திய இடத்தில் ஓர் இழை அறுந்திருந்தாலும் அந்தக் கேபிளின் ஆயுள் முடிந்தது. அறுந்த இழை சுருண்டு உறைக்குள் சிக்கினால் வேகம் இறங்காது. அந்நிலை வீதியில் ஏற்பட்டால் கிளச்சைப் பிடித்து, எஞ்சினை அணைக்கும் சுவிச்சை உடனே தட்ட வேண்டும். கிளச்சுப் பிடியில்லாத ஹொண்டா சி 50, சி 90 போன்றவற்றில் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்துப் பிறேக்கைப் பிடிக்க வேண்டும்.

பழைய கேபிளைக் கழற்றுமுன் அதன் முனையில் ஒரு நீண்ட நூலைக் கட்டி இழுங்கள். அது சென்ற வழியிலே நூல் நிற்கும். அதே வழியில் புதியதை இழுத்துக்கொள்ளலாம். பூட்டி முடிந்ததும், வீதிக்கு இறங்குமுன், ஹாண்டிலை இரு பக்கமும் திருப்பும் அந்தச் சோதனையை மறுபடியும் செய்யுங்கள்.