கார்டில் பணம் போனால், காலை வரை காத்திருக்காதீர்கள்

காரமடை போன்ற ஊரில் பேங்க் கிளையில் இருப்பவர் தெரிந்த முகமாக இருப்பார். அந்த வசதியே சில நேரம் வினையாகிறது. வாங்காத பொருளுக்குக் கிரெடிட் கார்டில் பணம் போனதாக ராத்திரி எஸ்எம்எஸ் வரும்; "காலைல மேனேஜரைப் பார்த்துச் சொல்லிக்கலாமுங்க" என்று படுத்துவிடுவோம். விடிவதற்குள் இன்னும் இரண்டு முறை பணம் போயிருக்கலாம். மேனேஜரும் பெரும்பாலும் கார்டின் பின்னால் இருக்கும் எண்ணைத்தான் காட்டுவார். அந்த எண்ணிலோ வங்கி ஆப்பிலோ உடனே கார்டை முடக்குங்கள். புகார் எண்ணைக் கேட்டு எழுதிவையுங்கள். எப்போது சொன்னீர்கள் என்பதற்கு அதுதான் அத்தாட்சி.

எல்லாம் அந்த நேரத்தைப் பொறுத்தே இருக்கிறது. 2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி போட்ட விதிப்படி, தவறு உங்களுடையதோ வங்கியுடையதோ அல்லாமல் வெளியாள் செய்த மோசடி என்றால், 3 வேலைநாளுக்குள் சொன்னவருக்கு நஷ்டம் இல்லை. நான்காம் நாள் முதல் ஏழாம் நாள் வரை சொன்னால், 5 லட்சம் வரை வரம்புள்ள கிரெடிட் கார்டுக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய் உங்கள் தலையில். வரம்பு அதற்கு மேல் என்றால் 25,000. அதையும் தாண்டினால் அந்தந்த வங்கியின் கொள்கைப்படி. தகவல் வந்த நாளும் உங்கள் கிளையின் விடுமுறை நாட்களும் இந்தக் கணக்கில் சேராது. சொன்ன 10 வேலைநாளுக்குள் தொகையைத் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும். 90 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

ஓடிபியை நீங்களே சொல்லியிருந்தால்? புகார் செய்யும் வரை போனது உங்கள் நஷ்டம். புகாருக்குப் பிறகு போவது வங்கியின் நஷ்டம். ஆகவே வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் மறைப்பதுதான் இருப்பதிலேயே பெரிய நஷ்டம்.

கவனக்குறைவு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்க வேண்டியது வங்கி. அசாமைச் சேர்ந்த ஒருவர் 94,204 ரூபாயை இழந்து, 24 மணி நேரத்துக்குள் ஸ்டேட் வங்கியிடம் புகார் செய்தார். அது கிரெடிட் கார்டு வழக்கல்ல. ஆனால் விதி ஒன்றுதான். கவுகாத்தி உயர் நீதிமன்றம் வங்கியே பொறுப்பு என்றது. 2025 ஜனவரி 3 அன்று, தமிழ்நாட்டைச் சேர்ந்த நீதிபதி ஆர். மகாதேவனும் இருந்த உச்ச நீதிமன்ற அமர்வு அதை உறுதி செய்தது. ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று வாடிக்கையாளருக்கும் ஒரு குட்டு வைத்தது.

வங்கிக்கு அடுத்து, சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். பணம் கைமாறிக்கொண்டே போகும். நடுவில் ஏதாவது ஒரு கணக்கில் அதை நிறுத்திவைக்க முடிந்தால் முதல் சில மணி நேரத்தில்தான்.

மாற்றுக் கார்டு புது எண்ணோடு வரும். பழைய எண்ணில் தானாகக் கட்டிவந்த பில்களை அன்றே மாற்றுங்கள். ஆன்லைன், வெளிநாட்டுப் பயன்பாடு இரண்டும் மூடியே இருக்கும். வேண்டியதை மட்டும் திறந்தால் போதும். "புது கார்டை ஆக்டிவேட் பண்ணித் தர்றோம்" என்று போன் வந்தால் எண்ணையும் ஓடிபியையும் சொல்லாமல் துண்டித்துவிடுங்கள். அது அடுத்த மோசடியின் வாசல்.

புகாருக்கு 30 நாளில் வங்கி பதில் தராவிட்டாலோ, தந்த பதில் சரியில்லை என்றாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஒம்புட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் கிடையாது. விவரம் கேட்க 14448.