சர்வர் புதிதானது, கடை வாசல் அடைத்துக்கொண்டது!



இக்காலத்தில் கடைக்கு இரண்டு வாசல்கள். ஒன்று தெருவைப் பார்த்தது, மற்றொன்று இணையதளம். இராஜபாளையத்திலிருந்து பேண்டேஜ் துணி அனுப்புவோர், 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவை வெளியூருக்கு விற்போர், நம்மைப்போல் மளிகைச் சரக்கை மொத்தமாக விற்போர் எனப் பலருக்கும் இந்த இரண்டாம் வாசல் வழியே ஆர்டர் வருகிறது. தெரு வாசல் பூட்டு கெட்டால் யாரைக் கூப்பிடவேண்டும் என்று நமக்குத் தெரியும். இணையதளம் ஒருநாள் காலையில் திறக்க மறுத்தால் என்ன செய்வது? பலரும் சொல்வது ஒன்றுதான்: "நேற்றுவரை நன்றாக ஓடியதே! நாங்கள் எதையும் தொடவில்லையே!"

அது உண்மைதான். நாம் தொடவில்லை; சர்வரை வைத்திருப்பவர் தொட்டிருக்கிறார்.

வாடகைக் கட்டிடமும் புது ஒயரிங்கும்

நமது இணையதளம் சொந்தக் கட்டிடத்தில் இல்லை. ஹோஸ்டிங் நிறுவனத்தின் சர்வரில் மாதமோ ஆண்டோ வாடகை கொடுத்துக் குடியிருக்கிறது. கட்டிடக்காரர் பழைய ஒயரிங்கை எடுத்துவிட்டுப் புதிது போடுகிறார். நம் பழைய பிளக் புதிய சாக்கெட்டில் நுழையவில்லை. நடப்பது இவ்வளவுதான்.

கட்டிடக்காரரையும் குறை சொல்வதற்கில்லை. சிறு கடைகளின் இணையதளங்கள் பெரும்பாலும் பி.எச்.பி. என்னும் கணினி மொழியில் எழுதப்பட்டவை. அதன் 5.6 பதிப்புக்கு 2018 டிசம்பர் 31-உடன் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோயின. அதன்பிறகும் அதை வைத்திருப்பது, தாழ்ப்பாள் இல்லாத கிட்டங்கியில் சரக்கு அடுக்குவதற்குச் சமம். ஆனால் 2015 டிசம்பரில் வந்த 7.0 பதிப்பு, விலைப்பட்டியலைத் தரவுத்தளத்திலிருந்து எடுத்துத் தரும் பழைய கட்டளைகளை அடியோடு நீக்கிவிட்டது. பழைய முறையில் எழுதிய தளங்கள் அதனால்தான் மாற்றியவுடன் நின்றுவிடுகின்றன. ஆகவே மாற்றம் வேண்டாம் என்பது நம் வாதம் அல்ல. மாற்றும் முறைதான் கேள்வி.

அறிகுறியும் காரணமும்

தளத்தைச் சீர்செய்பவரிடம் "ஓடவில்லை" என்று மட்டும் சொன்னால் போதாது. வைத்தியரிடம் சொல்வதுபோல் எங்கே, எப்படி என்று சொல்லவேண்டும்.

1. பக்கம் வெறும் வெள்ளையாக வருகிறது, அல்லது "500" என்ற எண் வருகிறது: பெரும்பாலும் மேலே சொன்ன மொழிப் பதிப்பின் கோளாறு.

2. "403" என்று அனுமதி மறுக்கிறது: அப்பாச்சி என்னும் சர்வர் மென்பொருள் 2.2-லிருந்து 2.4-க்கு மாறியபோது, யாரை உள்ளே விடலாம் என்று எழுதும் விதிமுறையே மாறியது. பழைய விதி எழுதிய தளங்களுக்கு இத்தொல்லை வரும்.

3. தமிழ் எழுத்து கேள்விக்குறிகளாகவோ புரியாத குறிகளாகவோ தெரிகிறது: எழுத்துக் குறியீட்டு முறை மாறியிருக்கிறது. மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் 8.0 பதிப்பில் தன் இயல்புநிலைக் குறியீட்டை மாற்றிக்கொண்டது. இங்கே ஓர் எச்சரிக்கை. அந்த நிலையில் சரக்குப் பெயர்களைத் திருத்திச் சேமிக்கவே கூடாது. கேள்விக்குறியாகச் சேமித்துவிட்டால் பழைய எழுத்தை மீட்க வழியில்லை.

4. படங்கள் மட்டும் காணவில்லை: விண்டோஸ் சர்வரிலிருந்து லினக்ஸ் சர்வருக்கு மாற்றியிருக்கலாம். ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் லினக்ஸ் வேறு வேறாகவே பார்க்கும்.

5. தளம் நன்றாகத் தெரிகிறது, ஆனால் ஆர்டர் மின்னஞ்சல் வருவதில்லை: இதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. வாசல் திறந்திருக்கிறது, கல்லாவில் ஆள் இல்லை. வாடிக்கையாளர் பணம் கட்டிவிட்டுக் காத்திருப்பார், நமக்குத் தெரியாது. ஆகவே மாற்றம் நடந்த அன்றே நாமே ஓர் ஆர்டர் போட்டுப் பார்த்துவிடவேண்டும்.

ஐந்தொகை உதைத்தால் என்ன செய்வோம்?

ஐந்தொகை பொருந்தாவிட்டால் பேரேட்டைக் கிழித்துவிட்டுப் புதிதாகவா எழுதுகிறோம்? சிட்டையை எடுத்து, எந்தத் தேதிவரை சரியாக இருந்தது என்று பார்க்கிறோம். இங்கும் அதே முறைதான். எந்தப் பதிப்பிலிருந்து எந்தப் பதிப்புக்கு, எத்தனை மணிக்கு மாற்றினார்கள் என்று ஹோஸ்டிங் நிறுவனத்திடம் எழுதிக் கேட்கவேண்டும். சர்வரில் பிழைப்பதிவு என்று ஒரு சிட்டை உண்டு. அந்த நேரத்திற்குப் பிறகு அதில் பதிவான முதல் பிழையைப் படித்தால், எந்தக் கோப்பில் எத்தனையாவது வரியில் சிக்கல் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். பல ஹோஸ்டிங் நிறுவனங்கள் ஒவ்வொரு தளத்துக்கும் தனியாகப் பழைய பதிப்பைத் தேர்ந்துகொள்ள வசதி தருகின்றன. தற்காலிகமாக அதற்குத் திரும்பிக் கடையைத் திறந்துகொண்டு, தளத்தின் நகல் ஒன்றில் பழுது பார்க்கலாம். ஒருமுறைக்கு ஒரே ஒரு மாற்றம்தான் செய்யவேண்டும். ஒரே நேரத்தில் பத்து இடத்தில் கைவைத்தால், எதனால் சரியானது, எதனால் கெட்டது என்று யாருக்கும் தெரியாது.

பெரிய இடத்திலும் இதே பாடம்

நமக்கு மட்டும்தான் இத்தொல்லை என்று எண்ணவேண்டாம். வருமான வரித் துறையின் பழைய கணக்குத் தாக்கல் தளத்தை 2021 ஜூன் 1 முதல் 6 வரை மூடிவைத்து, 7-ஆம் தேதி புதிய தளத்தைத் திறந்தார்கள். உருவாக்கியது இன்ஃபோசிஸ் நிறுவனம். மறுநாளே நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் வெளிப்படையாகக் குறை கூறும் அளவுக்குக் கோளாறுகள். ஆகஸ்ட் 21-இல் தளமே கிடைக்காமல் போய், 23-ஆம் தேதி நிறுவனத்தின் தலைமைச் செயல் அலுவலர் சலீல் பரேக் நேரில் அழைக்கப்பட்டார். கணக்குத் தாக்கலுக்கான கடைசி நாளைச் செப்டம்பர் 30-லிருந்து டிசம்பர் 31-க்குத் தள்ளவேண்டி வந்தது.

இ-வே பில்லும் அப்படியே. 2018 பிப்ரவரி 1 அன்று கட்டாயமாகத் தொடங்கிய நாளிலேயே தளம் பாரம் தாங்காமல் முடங்கியது. கட்டாயத்தை ஒத்திவைத்தார்கள். பிறகு ஏப்ரல் 1 முதல் மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் சரக்குக்கு மட்டும், அதன்பின் சில சில மாநிலங்களாக உள்மாநிலச் சரக்குக்கும், தமிழ்நாட்டில் ஜூன் 2 முதல் என்று படிப்படியாகக் கொண்டுவந்தார்கள். அந்த முறை நிலைத்தது.

நம் மூத்தோர் காலத்தில் இந்த நிதானம் இருந்தது. 1957 ஏப்ரல் 1 அன்று நயா பைசா வந்தபோது, அணா அன்றே செல்லாமல் போய்விடவில்லை. நாலணாவுக்கு 25 காசு, ஓரணாவுக்கு 6 காசு என்று இரண்டும் ஒரே கல்லாவில் புழங்கின. 1958 அக்டோபரில் மெட்ரிக் எடை தொடங்கியபோதும் வீசையும் பலமும் ஒரே நாளில் மறையவில்லை. புதிய படிக்கல்லில் கை பழகும்வரை பழையது ஓரமாக இருந்தது.

நம் கையில் இருக்கவேண்டியவை

டொமைன் பெயர் நம் பெயரில், நம் கடவுச்சொல்லுடன் பதிவாகியிருக்கவேண்டும். தளம் செய்து கொடுத்த பையன் வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டால், பெயரும் அவரோடு போய்விடக்கூடாது. தளத்தின் முழு நகல் ஒன்று சர்வருக்கு வெளியே, நம் கடையில் இருக்கவேண்டும். அதைத் திரும்ப ஏற்றினால் ஓடுகிறதா என்று ஆண்டுக்கு ஒருமுறையாவது பார்க்கவேண்டும். திறந்து பார்க்காத மூட்டையைச் சரக்குக் கணக்கில் சேர்ப்போமா?

நாளும் பார்க்கவேண்டும். தீபாவளிச் சரக்கு நகரும் வாரத்தில் எந்த மென்பொருளையும் மாற்ற அனுமதிக்கவேண்டாம். மாதம்தோறும் ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கல் செய்வோர் 11, 20 தேதிகளையொட்டிக் கடையின் பில் போடும் மென்பொருளையும் தொடவேண்டாம். அச்சிட்ட பில் புத்தகம் ஒன்றும், ஆர்டர் எடுக்கும் தொலைபேசி எண் ஒன்றும் எப்போதும் தயாராக இருக்கட்டும்.

இந்த வாரமே உங்கள் ஹோஸ்டிங் நிறுவனத்திடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: எங்கள் தளம் எந்தப் பதிப்பில் ஓடுகிறது? அடுத்த மாற்றம் எப்போது? கெட்டுப்போனால் பழையதற்குத் திரும்ப எத்தனை மணி நேரம் ஆகும்? பதிலை எழுத்தில் வாங்கிக் கோப்பில் வையுங்கள். பதில் சொல்லத் தயங்குபவரிடம் கடையின் ஒரு வாசலை ஒப்படைத்திருக்கலாமா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.